மொத்த மார்க் வேண்டாம், பெயில் பாடத்தைச் சொல்லுங்கள்: சென்னையில் மூன்று வீடுகளை ஒப்பிட்ட கதை

என் தங்கையின் கணவர் எதற்கெடுத்தாலும் எக்செல் போடுகிறவர். ஆடி முடிந்ததும் வீடு பார்க்கக் கிளம்பினார்கள், அதற்கும் ஒன்று போட்டார். இடது பக்கம் பதினான்கு வரிசை: விலை, ஏரியா, தண்ணீர், பள்ளிக்கூடம், கார் பார்க்கிங், வாஸ்து, காற்றோட்டம், லிஃப்ட் என்று நீண்டுகொண்டே போகும். மேலே மூன்று வீடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்கு ஒரு மார்க். கூட்டிப் பார்த்தால் 140க்கு நங்கநல்லூர் 97, பெரும்பாக்கம் 99, கூடுவாஞ்சேரி 96.

"மச்சான், மூணும் ஒண்ணாத்தான் இருக்கு. எதை வாங்கினாலும் சரிதான் போல" என்றார்.

அந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத வீடுகள். ஒன்று பழைய பிளாட், ஒன்று இனிமேல்தான் எழும்பப் போகிற பெரிய அடுக்குமாடி, இன்னொன்று புறநகரில் தனி வீடு. மூன்றும் ஒன்றாகத் தெரிந்ததற்குக் காரணம் கூட்டல்தான். நீச்சல் குளத்துக்குப் போட்ட 9, தண்ணீருக்குப் போட்ட 3-ஐ மூடி மறைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அப்படி விடுவார்களா? கணக்கில் 20 வாங்கியவன் தமிழில் 98 வாங்கியிருந்தாலும் பெயில்தான். முதலில் எல்லாப் பாடத்திலும் 35 வந்ததா என்று பார்த்த பிறகுதான் மொத்தத்தைக் கூட்டுவார்கள்.

இதை நான் பெரிய ஞானத்தில் சொல்லவில்லை. 2012 இல் வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஒரு பிளாட் வாங்கினேன். சமையலறை பிரமாதம், விலையும் பக்கத்துத் தெருவைவிடக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரம் பதில் கிடைத்தது. இடுப்பளவு தண்ணீரில் ஃபிரிட்ஜ் மிதந்ததைப் பார்த்தவனுக்கு அதன்பிறகு மாடுலர் கிச்சன் கண்ணிலேயே படுவதில்லை. அதற்காக எல்லோரும் மேடான இடத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எந்தப் பாடத்தில் பெயிலானால் வீடே வேண்டாமோ, அதை ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை எக்செல்லில் நடக்காது.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு சைதாப்பேட்டையில் அலுவலகம். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை, தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ். பையன் நான்காம் வகுப்பு. கூட அவருடைய அம்மா, அதாவது எங்கள் சம்பந்தி அம்மா. முட்டி தேய்ந்திருக்கிறது, படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டும். இப்போது மடிப்பாக்கத்தில் 19,000 ரூபாய் வாடகை. பதிவுச் செலவோடு சேர்த்து 85 லட்சத்துக்கு மேல் மூச்சுத் திணறும்.

மூன்று வீடுகள்

நங்கநல்லூர் வீடு, ஒரு கிரவுண்டில் நான்கே வீடுகள் உள்ள சின்னக் கட்டடம். 25 வயது இருக்கும். கீழே இரண்டு, மேலே இரண்டு. விற்பனைக்கு வந்தது மேல்வீடு. 850 சதுர அடி, 78 லட்சம். லிஃப்ட் கிடையாது, கார் நிறுத்தினால் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் வெளியே வராது. ஆனால் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 600 சதுர அடி நிலம் பத்திரத்தில் வரும். பிரிக்கப்படாத பங்கு, எல்லோரும் யு.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். கட்டடத்துக்கு வருடா வருடம் வயது கூடும், விலை இறங்கும். விலை ஏறுவது நிலம்தான். நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சு வந்தாலும் நான்கு பேர் ஒரு காபியில் பேசி முடிக்கலாம். 2022 இல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சைதாப்பேட்டை மூன்றாவது ஸ்டேஷன்.

தங்கைக்கு அந்த வீடு பார்த்த உடனே பிடித்துவிட்டது. கோவில், காய்கறிக் கடை, ரயில் எல்லாம் காலடியில். சம்பந்தி அம்மா பதினெட்டுப் படியை எண்ணிக்கொண்டே ஏறி, மேலே வந்து எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரும்பாக்கம் பக்கம் பார்த்தது 300 வீடுகள் வரப்போகும் புராஜெக்ட். 1,150 சதுர அடி, 75 லட்சம், ஒப்படைக்க இன்னும் 18 மாதம். மாதிரி வீட்டுக்குள் ஏசி போட்டு, ஜூஸ் கொடுத்து, பையனை விளையாட்டு அறைக்குக் கூட்டிப்போனார்கள். பையன் அங்கேயே முடிவெடுத்துவிட்டான். மாப்பிள்ளையும் கிட்டத்தட்ட எடுத்துவிட்டார். லிஃப்ட் உண்டு, ஜிம் உண்டு, காவலாளி உண்டு. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்தாவது வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது, அதையும் விற்பனைப் பெண் மூன்று முறை சொன்னார். எனக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் பார்த்து ஏறக்கூடிய வண்டிக்கு மட்டும்தான் மார்க். வரப்போகிற மெட்ரோ வந்தால் சந்தோஷம், ஆனால் அதற்கு இன்றைக்கே காசு கொடுக்க மாட்டேன். விலையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும் என்பது வேறு விஷயம்.

அந்தப் பக்கத்துக்கு வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும். உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022 இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் எப்படித் தத்தளித்தன என்று தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். ஏழாவது மாடிக்குத் தண்ணீர் வராதே என்றார் மாப்பிள்ளை. வராதுதான். ஆனால் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்பும், மோட்டாரும், லிஃப்ட் இயந்திரமும் ஏழாவது மாடியில் இல்லையே. தெருமுனை டீக்கடைக்காரரிடம் கேட்டோம். கட்டடத்துக்குள் வரவில்லை, ஆனால் மெயின் ரோட்டுக்குப் போகிற பாதை மூன்று நாள் முழங்காலுக்கு மேல் என்றார். 300 வீட்டுக்கும் அந்த ஒரு பாதைதான்.

கூடுவாஞ்சேரியில் பார்த்தது ஆயிரம் சதுர அடி மனையில் கட்டி முடித்த தனி வீடு. கீழே ஒரு படுக்கையறை, மேலே ஒன்று. 72 லட்சம். கிழக்குப் பார்த்த வாசல், பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்க இடம். தனிப் பட்டா, யாரிடமும் அசோசியேஷன் சண்டை கிடையாது. சம்பந்தி அம்மா வாசலில் நின்று, "இங்க கோலம் போடலாம்" என்றார். வீடு வாங்குவதற்கு இது ஒரு காரணமா என்று சிரிக்காதீர்கள். ஒருவர் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கப் போகிறார் என்றால் அவர் சொல்வதற்குத்தான் எடை அதிகம்.

அங்கே பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க். மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீர் இல்லை, போர்வெல். இவை இரண்டும் சமாளிக்கக்கூடியவை. ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர் என்பதுதான் இடித்தது. தங்கை ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்தே அலுவலகம் போய்ப் பார்த்தாள். ஷேர் ஆட்டோவுக்குக் காத்து, ரயிலுக்குக் காத்து, நின்றுகொண்டே போய் இறங்கி நடந்தால் ஒன்றரை மணி நேரம். நங்கநல்லூரிலிருந்து நாற்பது நிமிடம். போக வர ஒரு நாளைக்கு நூறு நிமிட வித்தியாசம். வருடத்துக்கு 250 வேலைநாள் என்று வைத்தால் 416 மணி நேரம். "பதினேழு நாள் ராவும் பகலும் ரயில்ல நிக்கறதுக்குச் சமம் அண்ணா" என்று அவளே கணக்குப் போட்டாள்.

நீங்கள் வீடு பார்க்கும்போது இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எல்லா ஏரியாவும் அமைதியாக, பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும்.

விலையை ஒரே தராசில் வைப்பது

போர்டில் போட்டிருக்கிற விலையை வைத்து ஒப்பிட்டால் 72, 75, 78 என்று வரிசை அழகாக வரும். அந்த வரிசை நிற்காது.

சதுர அடியிலிருந்து தொடங்குவோம். பெரும்பாக்கத்தில் சொன்ன 1,150 சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, கிளப் ஹவுஸ் என்று எல்லாவற்றிலும் ஒரு துண்டு சேர்ந்திருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் இடத்தை, சொல்லியே ஆக வேண்டும். கேட்டோம், 790 என்றார்கள். அதாவது சதுர அடி சுமார் 6,500 என்று காதில் விழுந்த விலை, நாம் கால் வைத்து நடக்கிற இடத்துக்குச் சுமார் 9,500. நங்கநல்லூரில் 850க்கு 720 கிடைக்கிறது, சுமார் 10,800. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முதலில் மிரட்டிய அளவுக்கு இல்லை.

அடுத்து வரியும் பதிவும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 45 லட்சத்துக்குள், சென்னை மாதிரிப் பெருநகரத்தில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட்டுக்குள் இருந்தால் மட்டும் 1 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கும், பழைய வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. பதிவில் இது தலைகீழாக இருக்கும். பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வரும் பிளாட், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடிக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். பழைய பிளாட்டுக்கும் தனி வீட்டுக்கும் 7 உடன் 2 சேர்த்து 9.

போட்டுப் பார்த்தோம். நங்கநல்லூர் 78 உடன் பதிவு 7.02 சேர்ந்து 85.02 லட்சம். பெரும்பாக்கம் 75 உடன் ஜி.எஸ்.டி. 3.75, பதிவு 5.25 சேர்ந்து 84. கூடுவாஞ்சேரி 72 உடன் 6.48 சேர்ந்து 78.48. பெரும்பாக்கம் வீடு கைக்கு வரும்வரை 18 மாதம் மடிப்பாக்க வாடகை 19,000 வீதம் 3.42 லட்சம் போகும், அதைச் சேர்த்தால் 87.42. இதற்கிடையில் வங்கி பணம் விடுவிக்க விடுவிக்க வட்டி வேறு ஓடும். நடுவில் இருந்த வீடு இப்போது எல்லாவற்றையும்விட விலை கூடியது. ஒப்படைப்பு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மாதச் செலவை விலையாக மாற்ற ஒரு எளிய வழி சொல்கிறேன். எட்டரை சதவீத வட்டி, 20 வருடக் கடன் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். அப்படியானால் ஒரு வீட்டில் மாதாமாதம் 868 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்றால் அந்த வீடு ஒரு லட்சம் விலை கூடியதற்குச் சமம். பெரும்பாக்கத்தில் மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு மூன்றரை ரூபாய், மாதம் 4,025. நங்கநல்லூரில் நான்கு வீடும் சேர்ந்து போடுவது ஆளுக்கு 1,500. வித்தியாசம் 2,525, கிட்டத்தட்ட 2.9 லட்சம். டேங்கர் லாரிக்கு ஆகும் செலவு அந்த மெயின்டனன்ஸுக்குள்ளா வெளியிலா என்று கேட்டால் விற்பனைப் பெண், "அது அசோசியேஷன் வந்த பிறகு முடிவு பண்ணுவாங்க சார்" என்றார். வெளியில் என்று எழுதிக்கொண்டோம்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களின் ஞாபகசக்தி அடுத்த மழை வரைக்கும்தான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தது பலருக்கு மறந்தே போய்விட்டது. அந்த வருடம் மே, ஜூனில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று குடியிருப்பவர்களைக் கேட்டால் ஏரியாவின் ஜாதகமே வந்துவிடும். கீழ்வீட்டுக்காரர்தான் சரியாகச் சொல்வார், விற்கிறவர் அல்ல. அப்புறம் இஸ்திரி வண்டிக்காரர். அவருக்குத் தெரியாத வெள்ளம் இல்லை, கரண்ட் கட் இல்லை, பில்டர் இல்லை.

எதை விடலாம்

இவ்வளவு ஓடிய பிறகு எக்செல்லை மூடி வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. வீட்டில் எது முக்கியம் என்று ஐந்தே வரி. பையனுக்கும் ஒரு தாள் கொடுத்தோம், அவன் நீச்சல் குளத்தைப் படமாகவே வரைந்தான்.

தாள்களை விரித்தபோதுதான் தெரிந்தது, எக்செல்லில் முன்வரிசைகளில் ஒன்றாக இருந்த கார் பார்க்கிங்கைத் தங்கை எழுதவே இல்லை. மாப்பிள்ளை தாளில் ஸ்டேஷன் இல்லை. சம்பந்தி அம்மா தாளில் ஒரே வரி: தெற்குப் பார்த்த வாசல் வேண்டாம். படியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் முட்டிக்காக மருமகள் இஷ்டப்பட்ட வீட்டை விட்டுவிடுவார்களோ என்று எழுதவில்லை என்று பிறகு தங்கையிடம் சொன்னாராம். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் அவர்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

பதினான்கு ஆசைகளை இரண்டு கூடையில் போட்டோம். வாங்கிய பிறகு காசு கொடுத்தால் மாற்றக்கூடியது ஒரு கூடை, தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாதது இன்னொரு கூடை. டைல்ஸ், சமையலறை, பெயின்ட், வார்ட்ரோப், பாத்ரூம் எல்லாம் முதல் கூடை. தெருவின் உயரம், ஸ்டேஷன் தூரம், நிலப் பங்கு, வெளிச்சம், லிஃப்ட், பத்திரம் இவை இரண்டாவது. நான்கு வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் போட முடியுமே என்று நினைக்கலாம். இடம் வேண்டும், நான்கு பேர் சம்மதம் வேண்டும், காசு வேண்டும். கீழ்வீட்டுக்காரர் எதற்காக லிஃப்டுக்குக் காசு தருவார்?

பெரும்பாலானவர்கள் மயங்குவது முதல் கூடையைப் பார்த்து, பிறகு அவதிப்படுவது இரண்டாவது கூடையால். நானே சாட்சி.

இரண்டாவது கூடையில் மிஞ்சியவற்றை இரண்டிரண்டாக எடுத்து மோதவிட்டோம். "ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது, வீடு 200 சதுர அடி சின்னது. பெரிய வீடு இருக்கிறது, ஸ்டேஷன் இல்லை. எது?" தங்கை யோசிக்காமல் ஸ்டேஷன் என்றாள். "லிஃப்ட் உண்டு, நிலப் பங்கு குறைவு. நிலப் பங்கு அதிகம், படி ஏறணும்." மாப்பிள்ளை கொஞ்சம் திணறினார். நிலம்தான் ஏறும் என்று அவருக்கு நானே பாடம் எடுத்திருந்தேன். கடைசியில், "நாம விக்கறதுக்கா வாங்கறோம்" என்றார். இன்னொரு குடும்பத்தில் இதற்கு நேர் எதிர்ப் பதில் வரும், அதுவும் சரிதான். பத்து வருடத்தில் ஊர் திரும்பப் போகிறவர்களுக்கு நிலப் பங்குதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

சுற்றிச் சுற்றி நின்றது மூன்று: ஸ்டேஷனுக்கு நடந்து போக வேண்டும், படி ஏறக் கூடாது, மழைக்குப் பாதை மூழ்கக் கூடாது. தெற்கு வாசல் நான்காவது. அது நம்பிக்கையா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவருக்கு உறுத்தினால் தினமும் உறுத்தும், எனவே அதுவும் பெயில் பாடம்தான். மூன்று வீடுகளையும் இந்த நான்கில் நிறுத்திப் பார்த்தால் நங்கநல்லூர் படியில் பெயில், பெரும்பாக்கம் பாதையிலும் ஸ்டேஷனிலும் பெயில், கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் பெயில். 97, 99, 96 வாங்கிய மூன்று பேரும்.

மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போனது. இத்தனை நாள் அலைச்சல். எதிலாவது ஒன்றில் விட்டுக்கொடுத்துவிடலாமா என்ற பேச்சு அன்று ராத்திரியே வந்தது. அதற்கு இன்னொரு வழியையும் தட்டில் வைத்தேன்: வாங்காமலே இருப்பது. கடன் 60 லட்சம் என்றால் மாதம் 52,000 ரூபாய்க்கு மேல் தவணை, இப்போது கொடுப்பது 19,000 வாடகை. பிடித்த ஏரியாவிலேயே ஒரு மழைக்காலம், ஒரு கோடை வாடகைக்கு இருந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்? வாடகை தண்டம் என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லியே பலரை அவசரப்பட வைத்துவிட்டோம். தங்கை இதற்குச் சம்மதித்தாள். மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. பையனுக்குப் பள்ளி மாற்ற வேண்டியிருந்தால் ஆறாம் வகுப்புக்குள் மாற்றிவிட வேண்டும் என்றார், அதிலும் நியாயம் இருந்தது.

எல்லோருக்கும் பொதுவான பாடம்

பத்திரம், அனுமதி போன்ற காகிதங்களில் மட்டும் யாருக்கும் விருப்பம், சமரசம் எதுவும் கிடையாது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்காவது எடுங்கள். ஆனால் பதிவான விவகாரம்தான் அதில் வரும். பதிவாகாத ஒப்பந்தமும், குடும்பத்துக்குள் இருக்கும் பாகத் தகராறும் வராது. அதனால்தான் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாக ஒரு வக்கீல் படிக்க வேண்டும். கட்டட வரைபட அனுமதியில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி என்றால் திரும்பி வந்துவிடுங்கள். புதிய புராஜெக்ட் என்றால் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவெண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விற்பனை ஒப்பந்தம் பதியாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். சட்டமே அதற்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது.

அனுமதி இருந்தால் போதுமா என்றால் போதாது. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பழைய கட்டடம் என்றால் ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போய் தூண், மொட்டை மாடி, சம்ப் மூன்றையும் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயைப் பார்த்துக் கை கூசுகிறவர்கள் புரோக்கருக்கு மட்டும் தயங்காமல் கொடுப்பது எனக்குப் புரிவதே இல்லை.

வங்கிக் கடன் கணக்கும் ஒன்று இருக்கிறது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு விலையில் 80 சதவீதம்தான் அதிகபட்சம். முத்திரைத் தீர்வை அந்த விலையில் சேராது. 78 லட்சம் வீட்டுக்கு 62.4 கடன் போக 15.6 லட்சமும் பதிவுச் செலவு 7 லட்சமும் கையிலிருந்து வர வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருடையது. பழைய வீடு வாங்குகிற பலர் இதை மறந்து, நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவார்கள்.

அடுத்த ஞாயிறு அதே புரோக்கரை அழைத்து மாப்பிள்ளை பேசியதைக் கேட்க வேண்டுமே. முன்பு, "ரெண்டு பெட்ரூம், எண்பதுக்குள்ள, நல்ல ஏரியா" என்பார். இப்போது, "ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷம் நடை, லிஃப்ட் வேணும், தெற்கு வாசல் வேண்டாம், 2023 டிசம்பர்ல தெருவில் தண்ணி நிக்காத இடம். கிச்சன் எப்படி இருந்தாலும் பரவாயில்லை." புரோக்கர் எதிர்முனையில் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "குரோம்பேட்டையில ஒண்ணு இருக்கு சார், ஆனா நீங்க கேட்டதுக்குச் சின்னதுன்னு காட்டலை" என்றார்.

820 சதுர அடி, பதினைந்து வயசுக் கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட். வடக்குப் பார்த்த வாசல். 74 லட்சம், பதிவோடு 80.66. நிலப் பங்கு 380 சதுர அடி, நங்கநல்லூரைவிட மிகவும் குறைவு. தங்கைக்கு ரயிலில் சைதாப்பேட்டை, மாப்பிள்ளைக்கு இரண்டே ஸ்டேஷனில் தாம்பரம். தெருவில் பார்த்த பால்காரர், இஸ்திரிக்காரர், பழைய அயல்வீட்டுப் பாட்டி மூவரிடமும் மிக்ஜாமைக் கேட்டோம். தெருவில் தண்ணீர் ஓடியது, நிற்கவில்லை என்று மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கார் பார்க்கிங் திறந்தவெளி. பையனுக்கு நீச்சல் குளம் இல்லை என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

சமையலறைதான் இருட்டு. மேடை வேறு தாழ்வு, தங்கை குனிந்துதான் தோசை வார்க்க வேண்டும். கொத்தனார் வந்து பார்த்து, மேடையை உயர்த்திக் கல் மாற்ற நாற்பதாயிரம் ஆகும் என்றார். தை பிறந்ததும் பால் காய்ச்சிவிட்டு அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. சம்பந்தி அம்மா போன வாரம் லிஃப்டில் நான்கு முறை போய்வந்தாராம், சும்மா.